நன்றாக ஓடியதுதான் பிழை: ஒரு 1973 எலான் திருத்திய கதை

நான் இருப்பது கனடாவில், வட ஒன்ராறியோவில், சட்பரிக்குப் பக்கத்தில். பக்கத்துக் காணிக் கிழவரின் மாட்டுக்கொட்டிலில் தார்ப்பாயின் கீழே ஒரு மஞ்சள் ஸ்கிடூ, அதாவது பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி, கிடந்தது. 1973 எலான் மாடல், ஒற்றைச் சிலிண்டர், 247 சிசி ரொட்டாக்ஸ் எஞ்சின். 300 டொலர் கேட்டார். கயிற்றை இழுத்துப் பார்த்தேன், எஞ்சின் இறுகிப் போகவில்லை, சுற்றியது. சரி என்று ட்ரெயிலரில் ஏற்றிவிட்டேன். தார்ப்பாயை மட்டும் தரவில்லை.

பழைய ஸ்னோமொபைல் வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று. எழுபதுகளின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் இதைச் செய்த கொம்பனிகள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலானவை பத்து வருடத்துக்குள் காணாமல் போய்விட்டன. அப்படி ஒன்றை மலிவு என்று வாங்கினால் ஒரு சின்னச் சாமானுக்காக வருடக்கணக்கில் தேட வேண்டிவரும். எலான் 1971இலிருந்து 1996 வரை பெரிய மாற்றம் இல்லாமல் வந்த வண்டி, அதனால் இன்றும் சாமான் கிடைக்கிறது. அழகு பார்த்து வாங்காதீர்கள், சாமான் கிடைக்குமா என்று பாருங்கள்.

மூடியைத் திறந்தால் எலிக்கூடு. இருக்கைப் பஞ்சில் பாதி, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகட்டுக்குள் போயிருந்தது. இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, ஃப்ளைவீலோடு (எஞ்சினோடு சுற்றும் பாரச் சக்கரம்) சேர்ந்த விசிறிக் காற்றில்தான் குளிரும். அந்தப் பஞ்சோடு ஸ்டார்ட் செய்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அதற்குள் இரண்டு எலிக்குஞ்சு காய்ந்து கிடந்ததை மனைவியிடம் சொல்லவில்லை.

அடுத்தது, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர். டிலட்சன் வகை, மிதவை இல்லாதது. டயஃப்ரம் என்ற ஒரு மெல்லிய சவ்வுதான் பெற்றோலை உள்ளே விடும், இன்னொன்று பம்ப் வேலை பார்க்கும். இரண்டும் பொரித்த பப்படம் மாதிரி, தொட்டதும் உடைந்தன. புதிய கிட் போட்டேன், பெற்றோல் குழாய்களையும் மாற்றினேன். பிறகு ஃப்ளைவீலை இழுத்தெடுக்கும் கருவி போட்டுக் கழற்றி, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பொயின்ற்ஸைத் துடைத்து, இடைவெளியை 0.35க்கும் 0.45 மில்லிமீற்றருக்கும் நடுவில் வைத்தேன். காபரேற்றர் வாயில் ஒரு மூடியளவு பெற்றோல்-எண்ணெய்க் கலவையை ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இது சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, மீதியை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்கள் நாங்கள். ஐந்தாவது இழுப்பில் நீலப் புகையோடு எழும்பியது. கராஜ் முழுக்கப் புகை, கதவைத் திறந்துவிட்டு வெளியில் நின்று சிரித்தேன்.

ஜனவரியில் ஏரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் திரும்பி வரும்போது திடீரென்று வண்டி முன்னெப்போதும் இல்லாத மாதிரி ஓடத் தொடங்கியது. சத்தம் கூர்மையாக, இழுவை நன்றாக. ஒரு இடத்தில் வேகத்தைக் கூட்டும் த்ரொட்டிலில் இருந்து கையை விட்டேன், இரைச்சல் உடனே இறங்கவில்லை, கொஞ்ச நேரம் மேலேயே நின்று பிறகுதான் இறங்கியது. ‘ஆஹா, இப்போதுதான் எஞ்சின் துப்புரவாகிறது’ என்று நினைத்தேன். ஒரு கிலோமீற்றர் கூடப் போகவில்லை. கீச்சென்று ஒரு சத்தம், ட்ராக் (வண்டியைத் தள்ளும் ரப்பர்ப் பட்டி) இழுத்துக்கொண்டு நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. மைனஸ் 22இல் நான்கு கிலோமீற்றர் நடந்தேன். தனியாகப் போனது முதல் முட்டாள்தனம், பனிச்சப்பாத்தை வீட்டில் விட்டது இரண்டாவது.

மறுநாள் கிழவர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சீல் மாற்றினாயா?

மாற்றவில்லை. இரண்டு பக்கமும் கிராங்க் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழல்தண்டு) வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. ஐம்பது வருட ரப்பர், கல்லாகிவிட்டது. டூ-ஸ்ட்ரோக்கில் பெற்றோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே ஏறும். சீல் வழியே வெளிக்காற்று புகுந்தால் கலவையில் பெற்றோல் குறையும். பெற்றோலோடுதான் எண்ணெயும் வருகிறது, ஆகவே அதுவும் குறையும். சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்குச் சற்று முன்னால் எஞ்சின் மிக நன்றாக ஓடுகிற மாதிரித்தான் இருக்கும். நான் சந்தோஷப்பட்ட அந்த ஒரு நிமிடம்தான் அது.

கிழவர் காட்டிய சோதனை சுலபம். காபரேற்றர் வாயையும் புகைக்குழாய் வாயையும் ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றழுத்தத்தை 6 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றி, அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். என்னுடையது பத்து எண்ணுவதற்குள் பூச்சியத்துக்கு வந்தது. சவர்க்காரத் தண்ணீர் பூசினால் கிளட்ச் பக்கச் சீலைச் சுற்றி நுரை. எஞ்சினை இறக்கி, பிரித்து, சீல் இரண்டும் மாற்றி, சிலிண்டரின் உட்சுவரை ஹோன் செய்து (தேய்த்துச் சீராக்கி), அடுத்த அளவுப் பிஸ்டன் போட்டு முடிக்கப் பெப்ரவரி போய்விட்டது. 20 டொலர் சீலுக்குப் பஞ்சிப்பட்டு 400 டொலர் கொடுத்தேன்.

அந்தக் கோடையில் கியூபெக் போனபோது வல்கூரில் இருக்கும் பொம்பார்டியே அருங்காட்சியகத்துக்கும் போனேன். ஸ்கிடூவை உருவாக்கிய ஜோசஃப்-ஆர்மன்ட் பொம்பார்டியே 1926இல், 19 வயதில் தொழில் தொடங்கிய கராஜை அங்கே அப்படியே வைத்திருக்கிறார்கள். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோன் வயிற்றில் கிருமி பரவி இறந்துபோனான். பனி மூடிய பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. ஸ்கிடூ வந்தது அதற்கு 25 வருடம் கழித்து, 1959இல். ஏரியில் நான் நடந்த நான்கு கிலோமீற்றர் ஞாபகம் வந்தது. அந்தக் கராஜில் கனநேரம் நின்றேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மொன்றியலில் இருந்து:

அண்ணை, நான் சீலை மாற்றினேன், பிழை விட்டது எண்ணெயில். பழைய புத்தகத்தில் 20 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்று இருந்தது. பயத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் கூட்டி ஊற்றினேன், கூட இருந்தால் நல்லதுதானே என்று. காபரேற்றர் ஊசித் துவாரத்தால் போகிற அளவு கூடப்போவதில்லை. அதில் எண்ணெய் கூடினால் பெற்றோல் குறைகிறது, திரும்பவும் நீங்கள் சொன்ன அதே சூடுதான். பிளக்கைக் கழற்றினேன், பீங்கான் எலும்பு மாதிரி வெள்ளை, சூடு மிஞ்சியதன் அடையாளம். நல்லகாலம், அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். இப்போது கலவையை மாற்றினால் காபரேற்றர் ஊசியையும் திருப்பிச் சரிபார்த்துவிட்டுத்தான் ஓடுவேன்.

நோர்வே, பின்மார்க்கில் இருந்து:

நான் 80களின் கடைசியில் மீன் தொழிற்சாலை வேலைக்கு இங்கே வந்தவன். வந்த மாதமே மேற்பார்வையாளர், ஸ்கூட்டர் ஓட்டுவாயா என்று கேட்டார். ஊரில் மாமாவின் வெஸ்பா ஓட்டியிருக்கிறேனே, ஓம் என்றேன். இங்கே ஸ்கூட்டர் என்றால் பனியில் போவது என்று அவர் திறப்பைக் கையில் தந்த பிறகுதான் தெரியும். அது சுவீடன்காரரின் ஒக்கல்போ. இப்போது அதே வகையில் ஒன்று என் கொட்டகையில் நிற்கிறது.

என் பாடம் சின்னது. ஈரத்தோடு நிறுத்திய வண்டியின் ட்ராக் இரவில் நிலத்தோடு உறைந்துவிடும். அது தெரியாமல் த்ரொட்டிலை அழுத்தினேன். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, மூடிக்குள்ளிருந்து ரயர் எரிகிற மணம். பெல்ட் கிளட்சில் வழுக்கி ஒரே இடத்தில் தேய்ந்து போயிருந்தது. இப்போது நிறுத்தும்போது ஸ்கீக்குக் கீழேயும் ட்ராக்குக்குக் கீழேயும் பலகை. காலையில் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட்.

சட்பரி (முதலில் எழுதியவர்):

பலகை நல்ல யோசனை தம்பி, நான் இவ்வளவு நாளும் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

கிழவர் இந்த வருடமும் வந்தார். தானே கயிற்றை இழுத்துக் கிளப்பி, த்ரொட்டிலை நன்றாக அழுத்தி, கையை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். இரைச்சல் உடனே இறங்கியது. தலையாட்டிவிட்டு, தார்ப்பாய் இன்னும் கொட்டிலில்தான் கிடக்கிறது, 20 டொலர் என்றார்.