மொரீஷியஸில் பெல்வூ ஆலைப் பக்கத்து மண்: நிலக்கரிச் சாம்பலால் கதிரியக்கம் கூடுகிறதா?

வடக்கத்தியான்: கரும்பு அரவை முடிந்ததும் ஆலையில் மின்சாரத்துக்கு எரிக்கும் சக்கை தீர்ந்துபோகும். பிறகு எரிவது தென்னாப்பிரிக்க நிலக்கரிதான். கரி எரிந்தாலும் அதிலுள்ள கதிரியக்கத் தனிமங்களான ரேடியமும் தோரியமும் எரியாது. 100 கிலோவுக்கு 15 கிலோ சாம்பல் மிஞ்சினால் செறிவு ஆறேழு மடங்கு. நிலக்கரியில் கிலோவுக்கு 20 பெக்கரல் (நொடிக்கு 20 அணுச்சிதைவு) ரேடியம்-226 இருந்தால் சாம்பலில் 130. அதுதானே தோட்டத்தில் விழுகிறது?

மாயேபூர்க்காரர்: விழுவது எவ்வளவு, ஐயா? சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிராம் என்று தாராளமாகவே வைப்போம். 20 ஆண்டில் 2 கிலோ. மேல் 5 செ.மீ. மண் 60 கிலோ இருக்கும். கலந்தால் கூடுவது 4 பெக்கரல். உலகச் சராசரி மண்ணிலேயே 32 உண்டு. கதிரியக்கம் அளக்கும் கைகர் கருவி அசையக்கூடச் செய்யாது.

வடக்கத்தியான்: உலகச் சராசரி இங்கே எதற்கு? நம்முடையது எரிமலைப் பசால்ட் மண். கிரானைட் மண்ணைவிட யுரேனியமும் தோரியமும் குறைவு. 4 கூடினாலும் பங்கு பெரிது. ரேடியம் சிதைந்து வரும் ஈயம்-210, பொலோனியம்-210 இரண்டும் உலைச் சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது நுண்துகள்மேல் படியும். வடிகட்டிக்குத் தப்புவதும் அந்தத் துகள்தான். பொலோனியத்தின் ஆல்ஃபாக் கதிரை மண்மேல் பிடித்த கைகர் எங்கே காட்டப்போகிறது!

ஜாடி (மூன்றாமவரின் பட்டப்பெயர்): கைகரை இரண்டு பேரும் விடுங்கள். இங்கே அடிப்பது தென்கிழக்குக் காற்று. ஆகவே ஆலைக்கு வடமேற்கில் ஒன்று, தென்கிழக்கில் ஒன்று என மண் எடுங்கள். இரண்டிலும் 0–5 செ.மீ. தனி, 15–30 செ.மீ. தனி. மேலடுக்கு மட்டும் கூடினால் வானத்திலிருந்து வந்தது. கரும்பு வயல் வேண்டாம்: உழுதால் அடுக்கு கலந்துவிடும், பாஸ்பேட் உரத்திலேயே யுரேனியம் இருக்கும். பழைய கோயில் வளாகத்து உழாத மண் நல்லது.

105 டிகிரியில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, ஜாடியில் அடைத்து நான்கு வாரம் வையுங்கள். ரேடியத்திலிருந்து பிறக்கும் வாயு ரேடான்-222; அது பாதியாகக் குறைய 3.8 நாள், ரேடியத்தோடு சமநிலைக்கு வர அவ்வளவு காலம் வேண்டும். பிறகு காமாக் கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் அளங்கள். மூடி கசிந்தால், ரேடான் சிதைந்து வருபவை காட்டும் 352, 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடுகள் இளைத்து, ரேடியம் குறைவாகத் தெரியும். ரேடியத்தின் சொந்த 186 கோட்டை நம்பாதீர்கள். யுரேனியம்-235 அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாயேபூர்க்காரர்: ஈயம்-210 மழையோடும் இறங்கும், காற்றிலுள்ள ரேடானிலிருந்து. மழை ஒரே அளவு பெய்யாத இரண்டு இடங்களை ஒப்பிட்டால் ஆலைமேல் வீண்பழி.

ஜாடி: சரிதான். அதனால் இரண்டும் ஆலையிலிருந்து சில கிலோமீட்டருக்குள். கோயில் மண் என்றால், முன்பு யாராவது சாம்பல் கொட்டி நிரவினார்களா என்று பூசாரியிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள்.