பிளாக் கிறிஸ்துமஸ் (1974): ஐம்பது வருஷம் தாண்டியும் இந்தப் படத்தை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

ரீல்பெட்டி எழுதியது:

டிசம்பர் பிறந்தால் போதும், திகில் பட ஆட்கள் எல்லோரும் பிளாக் கிறிஸ்துமஸ் பார்த்தாயா என்று கிளம்பிவிடுகிறார்கள். நான் சொல்வது 1974-ல் கனடாவில் பாப் கிளார்க் எடுத்த படத்தை, பின்னால் அதே பெயரில் வந்த ரீமேக்குகளை இல்லை. சரி, இத்தனை பேர் சொல்கிறார்களே என்று போன வாரம் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இந்த அளவுக்குக் கொண்டாட என்ன இருக்கிறது என்றுதான் பிடிபடவில்லை. ஸ்லாஷர் என்றால் நான் பழகியது ஹாலோவீனும் அதற்குப் பின்னால் வரிசை கட்டி வந்த படங்களும்தான்: முகமூடி போட்ட ஒருத்தன், கையில் கத்தி, கடைசியில் ஒரு பெண் அவனை அடித்து வீழ்த்துவாள், செத்தானா இல்லையா என்று அடுத்த பாகத்துக்கு ஒரு கொக்கி. இதில் கொலைகாரனுக்கு முகமே இல்லை. ரத்தமும் கொஞ்சம்தான். பாதிப் படம் போனை எடுப்பதும் வைப்பதுமாகவே போகிறது, நடுவில் போலீஸ் ஸ்டேஷன் காமெடி வேறு. எவன் செய்தான், ஏன் செய்தான் என்று ஒன்றுமே சொல்லாமல் முடித்தும் விட்டார்கள்.

முதலில் வந்த படம் என்ற மரியாதைக்காகத்தான் தூக்கிப் பிடிக்கிறோமா, இல்லை நான் கவனிக்காத ஏதாவது இருக்கிறதா? கதையை உடைத்தே பேசலாம். பார்க்காதவர்கள் இந்த இழையை விட்டு ஓடிவிடுங்கள்.

நைட்ஷோ நாகு எழுதியது:

முதல் படம் என்பதை முதலில் தள்ளி வையுங்கள். 1960-ல் சைக்கோ இருக்கிறது, 1971-ல் இத்தாலியில் மரியோ பாவா ஒரு ஏரிக்கரையை வைத்துக்கொண்டு ஆட்களை வரிசையாகத் தீர்த்துக்கட்டிய படம் இருக்கிறது. எது முதல் என்று சண்டை போட ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

நீங்கள் குறையாகச் சொன்ன எல்லாமே எனக்கு இந்தப் படத்தின் பலமாகத்தான் படுகிறது. கொலைகாரனுக்கு முகம் இல்லை என்கிறீர்கள். ஆரம்பக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் கிறிஸ்துமஸ் பார்ட்டி, வெளியே குளிரில் ஒருத்தன் மூச்சு வாங்கிக்கொண்டே ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்க்கிறான், அப்புறம் சுவரோரம் கொடி படரக் கட்டியிருக்கும் மரச்சட்டத்தைப் பிடித்து ஏறிப் பரண் வழியாக உள்ளே போகிறான், இதை அவன் கண்ணாலேயே நாமும் பார்க்கிறோம். கேமரா இயக்கிய பெர்ட் டங்க், கேமராவைத் தன் தோளில் கட்டிக்கொண்டு நிஜமாகவே அந்தச் சட்டத்தில் ஏறியிருக்கிறார், சட்டத்தைப் பிடிக்கும் கைகளும் அவருடையவைதான். ஹாலோவீன் தொடக்கத்தில், அந்தப் படத்துக் கொலைகாரன் மைக்கேல் சிறுவனாக இருக்கும்போது அவன் கண்வழியாக வரும் அந்தப் பேர்பெற்ற நீளக் காட்சிக்கு நாலு வருஷம் முந்தியது இது.

அதற்கப்புறம் படம் முழுக்க அவனை நாம் பார்ப்பதே இல்லை. ஒரு நிழல், ஒரு கை, கதவிடுக்கில் ஒரே ஒரு கண். அந்தக் கண் வரும் இடத்தில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா? எனக்கு இப்போதும் ஆகும். முகம் தெரிந்துவிட்டால் பயத்துக்கு ஒரு எல்லை வந்துவிடும், இவ்வளவுதான் இவன் என்று மனசு அளந்துவிடும். இங்கே அளப்பதற்கு ஒன்றுமே தரவில்லை, குரலைத் தவிர.

அந்தக் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனில் வருவது ஒரே ஆளா, நாலைந்து பேரா என்றே தெரியாது. குழந்தை மாதிரி அழும், கிழவி மாதிரி திட்டும், திடீரென்று பன்றி மாதிரி உறுமும், பில்லி, ஆக்னஸ் என்று பெயர்கள் வந்து விழும். நிக் மான்குசோ என்ற நடிகரும், இயக்குநர் கிளார்க்கும், இன்னும் சிலரும் சேர்ந்து பேசியது. மான்குசோ குரல் நசுங்கி வரவேண்டும் என்பதற்காகத் தலைகீழாக நின்றெல்லாம் பேசியிருக்கிறார். பின்னணி இசைக்கு கார்ல் சிட்ரர் பியானோ கம்பிகளில் முட்கரண்டி, சீப்பு, கத்தி எல்லாவற்றையும் கட்டிவிட்டு வாசித்தார். அதனால்தான் அது இசை மாதிரியே இல்லாமல், வீட்டுக்குள் ஏதோ முனகுகிற மாதிரி இருக்கிறது.

எவன், ஏன் என்று சொல்லியிருந்தால் படம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் 2006 ரீமேக்கைப் பாருங்கள். பில்லிக்குக் குழந்தைப் பருவம், மஞ்சள் தோல், கொடுமைக்கார அம்மா என்று முழு ஜாதகமும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முடிவில் அவன் மேல் பயமும் இல்லை, பரிதாபமும் இல்லை.

மின்மினி77 எழுதியது:

நாகு சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கொலைகாரன் மர்மம்தான் எல்லாம் என்றால் ஒரு தடவை பார்த்ததோடு தீர்ந்திருக்கும். நான் ஒவ்வொரு வருஷமும் திரும்பப் பார்ப்பது அந்த வீட்டுப் பெண்களுக்காக.

அமெரிக்க, கனடியக் கல்லூரிகளில் மாணவிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து தங்கும் வீடுகள் உண்டு, அப்படி ஒரு வீட்டில், எல்லோரும் ஊருக்குக் கிளம்புகிற லீவு நேரத்தில் நடக்கிற கதை. பின்னால் வந்த படங்களில் பெண்கள் சாவதற்காகவே வருவார்கள், பெயர்கூட நினைவில் நிற்காது. இதில் ஒவ்வொருத்தியும் ஒரு ஆள். மார்கோ கிடர் நடித்த பார்ப், எந்நேரமும் குடித்துக்கொண்டு, வாய்த்துடுக்கு, அந்த ஆபாசப் போன்காரனையே பதிலுக்கு வாரிவிடுகிறவள். ஆனால் லீவுக்கு அவள் அம்மா அவளைக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை என்ற வலி அதற்குள்ளே இருக்கிறது, ஒரே ஒரு போன் பேச்சில் அதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வார்டன் மிசஸ் மேக், டாய்லெட் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மது பாட்டிலை ஒளித்து வைத்திருக்கும் மனுஷி. சிரித்துக்கொண்டே பழகிவிடுகிறோம், அப்புறம்தான் ஒவ்வொருத்தராகப் போகிறார்கள். அதனால் வலிக்கிறது.

முக்கியமாக ஜெஸ். ஒலிவியா ஹஸ்ஸி. அவள் கர்ப்பமாக இருக்கிறாள், கலைக்கப் போகிறேன் என்று காதலன் பீட்டரிடம் சொல்கிறாள். அழுது சம்மதம் கேட்கவில்லை, சொல்கிறாள், அவ்வளவுதான். எனக்கென்று கனவுகள் இருக்கின்றன, உனக்காக அதை விடமாட்டேன் என்று நிதானமாகப் பேசுகிறாள். 1974-ல் இது! அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை பற்றித் தீர்ப்புச் சொன்னதே 1973-ல்தான். அதைவிட ஆச்சரியம், படம் அவளைத் தண்டிக்கவில்லை. ஸ்லாஷர் படங்களில் கன்னி பிழைப்பாள், மற்றவள் சாவாள் என்று ஒரு விதி பேசுவார்கள் இல்லையா, அந்த விதி உருவாவதற்கு முன்பே இந்தப் படம் அதை மீறிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் பெண்கள் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள்? அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தியான கிளேரைக் காணோம் என்று போலீசுக்குப் போனால், எவனாவது பையனோடு போயிருப்பாள் என்கிறார் டெஸ்க்கில் இருக்கும் ஆள். போன் மிரட்டலைச் சொன்னால் ஏதோ விளையாட்டு என்கிறார். ரீல்பெட்டி காமெடி என்றாரே, அந்தக் காமெடி எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை.

பழைய எக்ஸ்சேஞ்ச் எழுதியது:

சினிமா பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் போன் பற்றித் தெரியும், டெலிபோன் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகள்தான் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். நீங்கள் "போனை எடுப்பதும் வைப்பதும்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்ட சங்கதியில்தான் படத்தின் இழுவிசையே இருக்கிறது தம்பி.

இப்போது போலீஸ் கேட்டால் யார் எங்கிருந்து பேசினான் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அந்தக் கால இயந்திர எக்ஸ்சேஞ்சில் அப்படி இல்லை. ஒருத்தர் டயலைச் சுற்றச் சுற்ற, அங்கே சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து இணைப்பைப் போடும். யார் கூப்பிட்டது என்று கண்டுபிடிக்க, போன் வந்த வீட்டின் பக்கமிருந்து தொடங்கி, எந்த சுவிட்ச் எந்த சுவிட்சைப் பிடித்திருக்கிறது என்று ரேக் ரேக்காக நடந்து பின்னோக்கிப் போக வேண்டும். அதுவும் கூப்பிட்டவன் லைனில் இருக்கும் வரைக்கும்தான். அவன் வைத்துவிட்டால் சுவிட்சுகள் எல்லாம் விடுபட்டுவிடும், தடம் போய்விடும். படத்தில் அந்த டெக்னீஷியன் ரேக்குகளுக்கு நடுவில் மேலும் கீழும் ஓடுகிறாரே, அது சும்மா பரபரப்புக்காக வைத்த ஓட்டம் இல்லை, வேலையே அப்படித்தான்.

இப்போது அந்தப் பெண்ணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காதில் விழக்கூடாததை எல்லாம் கேட்டுக்கொண்டே அவனை லைனில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவன் எவ்வளவு நேரம் பேசுகிறானோ அவ்வளவு தூரம் எக்ஸ்சேஞ்சில் நடக்கலாம். கடைசியில் தடம் போய் நிற்கும் இடம் அதே வீடு, வார்டனுக்கென்று தனியாக இருந்த இரண்டாவது லைன். ஒரே வீட்டுக்கு இரண்டு நம்பர் இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தாராளமாகக் கூப்பிடலாம், இதில் தொழில்நுட்பத் தப்பு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து போன் என்ற கதை அமெரிக்காவில் அதற்கு முன்பே வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருந்ததாம், மகள் சொன்னாள். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பை இப்படிக் கம்பி கம்பியாகக் காட்டியது நன்றாக இருந்தது.

ரீல்பெட்டி எழுதியது:

ஐயா, இது அருமை. அந்த எக்ஸ்சேஞ்ச் காட்சி ஏன் அவ்வளவு நீளம் என்று யோசித்தேன், இப்போது புரிகிறது. மின்மினி, ஜெஸ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஜெஸ்தானே வீட்டை விட்டு உடனே வெளியே போ என்று போலீஸ் கெஞ்சியும் மாடிக்கு ஏறுகிறாள்? அப்புறம் பீட்டரை அவளே அடித்துக் கொல்கிறாள். பீட்டர்தான் கொலைகாரன் என்று நம்மை நம்பவைக்கப் படம் கொஞ்சம் ஏமாற்றியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

மின்மினி77 எழுதியது:

மாடிக்கு ஏறியது தோழிகள் மேலே தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காக. கையில் கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, அவர்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போகிறாள். அவர்களை விட்டுவிட்டு ஓடியிருந்தால் நீங்களே திட்டியிருப்பீர்கள்.

பீட்டர் விஷயம் ஏமாற்று இல்லை. கருவைக் கலைப்பதைப் பற்றிப் பேசும்போது மருவை எடுப்பதுபோலப் பேசுகிறாயே என்று பீட்டர் ஜெஸ்ஸிடம் சொல்வான். அடுத்து வரும் போனில் அந்த ஆள் அதே வார்த்தையைச் சொல்கிறான். ஜெஸ் மட்டுமில்லை, நாமும் உடனே பீட்டரைத்தான் நினைப்போம். உண்மையில் கொலைகாரன் வீட்டுக்குள்ளேயே இருந்து ஒட்டுக்கேட்டிருக்கிறான்! தடயம் நம் கண்முன்னே இருந்தது, நாம்தான் தப்பான பக்கம் படித்தோம். போதாததற்குப் பீட்டர் ஒன்றும் நல்லவனும் இல்லை, பியானோ தேர்வு சொதப்பியதும் பியானோவையே அடித்து நொறுக்குகிறவன், இவளை மிரட்டுகிறவன். கொலைகாரன் இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டிய ஆள்தான்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

எல்லோரும் ஆரத்தி எடுக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். நடுவில் படம் தொய்கிறது. பூங்காவில் சிறுமியைத் தேடும் பகுதி, அவள் அம்மா, தேடும் கூட்டம் எல்லாம் சேர்ந்து மெயின் கதையிலிருந்து நம்மை நகர்த்திவிடுகிறது. ஒரு வீட்டில் ஒருத்தி காணாமல் போயிருக்கிறாள், போலீஸ் பரணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கிளேர் பிளாஸ்டிக் பை முகத்தோடு பரண் ஜன்னலோரம் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தெருவிலிருந்து ஒருத்தர் தலையைத் தூக்கினால் போதும்.

சுத்தமான கட்டமைப்பு என்று பார்த்தால் ஹாலோவீன்தான் என் ஓட்டு. வேண்டாத காட்சி ஒன்று கிடையாது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் உண்டு: இதற்கு இரண்டாம் பாகம் எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று ஹாலோவீன் எடுத்த ஜான் கார்ப்பென்டர் கேட்டதாகவும், பிடிபட்ட கொலைகாரன் மனநல விடுதியிலிருந்து தப்பித்து ஹாலோவீன் பண்டிகை அன்று திரும்பி வருவான், அதையே தலைப்பாக வைப்பேன் என்று தான் சொன்னதாகவும் கிளார்க் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கார்ப்பென்டர் என்னைக் காப்பியடித்தார் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை, அதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒரு இடத்தில் நானும் கையெழுத்துப் போடுவேன். வாசலில் குழந்தைகள் கேரல் பாடிக்கொண்டிருக்க, மேலே பார்ப்பைக் கண்ணாடிக் குதிரைப் பொம்மையால் குத்தும் இடம். நெற்றியில் ஒற்றைக் கொம்பு வைத்த குதிரை, அந்தக் கொம்பாலேயே. பாட்டுச் சத்தத்தில் அலறல் கேட்காது. கிறிஸ்துமஸ் என்பது வெறும் அலங்காரமாக இல்லாமல் கொலைக்கே உடந்தையாக இருப்பது அந்த ஒரு காட்சியில்தான். இதே கிளார்க்தான் 1983-ல் 'எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி' என்ற குழந்தைப் படத்தையும் எடுத்தார், அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று டிவியில் 24 மணி நேரமும் அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரே ஆள் பண்டிகையின் இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், எனக்கு அது பிடித்த விஷயம்.

நைட்ஷோ நாகு எழுதியது:

கடைசிபெஞ்ச், பரணைப் பார்க்காததைக் குறை என்கிறீர்கள், நான் அதைத்தான் முடிவின் உச்சம் என்பேன். பீட்டர் செத்துவிட்டான், கேஸ் முடிந்தது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜெஸ்ஸுக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கேமரா மெதுவாக வீட்டுக்குள் நகர்ந்து பரணுக்குப் போகிறது, நிஜக் கொலைகாரன் அங்கேதான் இருக்கிறான், கிளேரும் அங்கேதான் இருக்கிறாள். அப்புறம் எழுத்து ஓடும்போது போன் அடிக்கிறது. ஸ்டுடியோ இந்த முடிவை மாற்றச் சொல்லிப் பார்த்தது, கிளார்க் விட்டுக்கொடுக்கவில்லை. போலீஸ் சொதப்பல்தான் ஜெஸ்ஸை அவனோடு தனியாக விட்டுவிடுகிறது, அப்படியிருக்க அதை எப்படித் தனிக் குறையாகச் சொல்ல முடியும்?

ரீல்பெட்டி, இன்னொரு தடவை பார்ப்பதாக இருந்தால் ஹெட்போன் போட்டுப் பாருங்கள், டிவி ஸ்பீக்கரில் அந்தப் போன் குரல்கள் பாதி காணாமல் போய்விடும். எங்காவது சைலன்ட் நைட் ஈவில் நைட் என்றோ ஸ்ட்ரேஞ்சர் இன் த ஹவுஸ் என்றோ போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், அமெரிக்காவில் தியேட்டருக்கும் டிவிக்கும் வெவ்வேறு பெயரில் விட்டார்கள், இதே படம்தான். 2019 ரீமேக்கை நேரம் மிச்சம் இருந்தால் மட்டும்.