படகுக்குப் பொட் பூட்டுவது பற்றி: ரொறன்ரோத் தம்பிக்கும் மற்ற உறவுகளுக்கும்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ரொறன்ரோத் தம்பி போன வாரம் எழுதிய மடலைப் பார்த்தேன். ஊரில் சங்கம் வாங்கிக் கொடுத்த 18 அடி ஃபைபர் படகுக்குப் பின்னால் ஒரு பொட் பூட்டி, 25 குதிரைவலு எஞ்சினை அதில் மாட்டினால் உள்ளே வலை வைக்க இடம் கிடைக்கும், செலவை நாங்கள் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார். நல்ல மனதோடு சொன்ன யோசனை. நான் மெல்பேர்ணில் என் படகுக்கு இதே வேலையைச் செய்து முடித்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: பொட் என்பது படகின் பின்பலகைக்கு வெளியே பூட்டும் நீர் புகாத வெறும் பெட்டி. அலுமினியத்திலோ ஃபைபரிலோ செய்வார்கள். எஞ்சின் அந்தப் பெட்டியின் கடைசியில் தொங்கும்.

என்னுடையது 19 அடிப் படகு. எஞ்சின் உள்ளே, அதன் கால் (புரொப்பெல்லர் இருக்கும் கீழ்ப்பகுதி) வெளியே என்ற பழைய வகை. இரண்டும் சேர்ந்து 300 கிலோவுக்குக் கிட்ட. அதைக் கழற்றியதும் பின்பலகையை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தேன். மேலே கணீரென்று கேட்டது. கீழே வரவர ஈரச் சாக்கில் அடித்ததுபோலச் சத்தம் செத்துப்போனது. ஒரு துளை போட்டுப் பார்த்தால் ட்ரில் முனையில் கோப்பிச் சக்கை மாதிரிக் கறுப்பாக, ஈரமாக வந்தது. வெளியே பளபளவென்று ஃபைபர், உள்ளே பிளைவூட் முழுக்க உக்கல். யாரோ எப்போதோ பூட்டிய ஆணித் துளைகளை அடைக்காமல் விட்டதால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்தப் பலகையில் பொட்டைப் பூட்டிக் கடலுக்குப் போயிருந்தால் எஞ்சினோடு பின்பக்கமே பிய்ந்து போயிருக்கும்.

உக்கலைச் சுரண்டி எடுக்கவே மூன்று சனி ஞாயிறு பிடித்தது. புதுப் பலகை வைத்து எபொக்சிப் பசையால் ஒட்டினேன். பழைய கால் இருந்த ஓட்டையை அடைக்கும்போது விளிம்பை நிமிர்த்தி வெட்டி ஒட்டக்கூடாது. தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக உரைஞ்ச வேண்டும். 10 மில்லிமீற்றர் தடிப்பென்றால் 120 மில்லிமீற்றர் சரிவு. முகமூடி போடாமல் அந்தத் தூசுக்குள் நிற்கவே வேண்டாம். போல்ட் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எபொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தேன். அப்போதுதான் இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. உள்பக்கம் அகலமான தகடு, 316 தரத் துருப்பிடிக்காத எஃகு போல்ட். அந்த எஃகு அலுமினியப் பொட்டை நேரே தொட்டால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும், அதனால் இடையில் தடுப்புப் பசை.

இனி நிறை விசயம். என் பொட் 60 சென்ரிமீற்றர் நீளம், 120 அகலம். 25 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் 180 லீற்றர் நீரை ஒதுக்கும். கடல்நீரில் அது ஏறக்குறைய 184 கிலோவைத் தாங்கும். பொட்டில் மாட்டிய புது எஞ்சினின் நிறையும் அவ்வளவுதான், கணக்குச் சரியென்று நினைத்தேன். படகு நிற்கும்போது சரிதான். வேகமெடுத்து எழும்பியதும் பொட் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடுகிறது. அப்போது அது எதையும் தாங்காது, தானே ஒரு சுமை. முதல் ஓட்டத்தில் அணியம் (படகின் முன்பக்கம்) ஓயாமல் எழும்பி எழும்பி விழுந்தது. பற்றரியையும் எரிபொருள் தாங்கியையும் முன்னுக்கு நகர்த்திய பிறகுதான் அடங்கியது. இப்போது படகுக்குள் எஞ்சின் பெட்டி இல்லை, பெற்றோல் ஆவி அடியில் தேங்கும் பயமும் போய்விட்டது. எனக்கு முழுத் திருப்தி.

ஆனால் தம்பி, ஊர்ப் படகுக்கு இது வேண்டாம். அங்கே எஞ்சின் ஏற்கெனவே வெளியேதான் தொங்குகிறது, பொட் வைத்தால் கிடைக்கும் இடம் மிகக் கொஞ்சம். ஓட்டுபவர் பின்னால் இருந்து கைபிடியைப் பிடித்துத் திருப்புகிறார். எஞ்சின் இரண்டடி பின்னுக்குப் போனால் கை எட்டாது. புரொப்பெல்லரில் வலை சுற்றினால் இப்போது குனிந்து எடுக்கலாம், பொட் இருந்தால் அதன்மேல் ஏறி நின்றுதான் எடுக்க வேண்டும். வாடைக் கடலில் இரவு இரண்டு மணிக்கு அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்புறம், எங்கள் கரையில் படகு கட்டுத்துறையிலா நிற்கிறது? ஆட்கள் சேர்ந்து மணலில் இழுத்தல்லவா ஏற்றுகிறோம். ஒவ்வொரு தடவையும் முதலில் அடிபடப்போவது பொட்டும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும்தான்.

அந்தக் காசைப் பின்பலகைக்குச் செலவழிப்போம். படகைக் கரையேற்றும் நாளில் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பின்பலகையை மேலிருந்து கீழே சுத்தியலால் தட்டி, அந்தச் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து இந்தக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போல்ட் துளைகளையும் கிட்ட வைத்துப் படம் எடுக்கட்டும். கேட்டுவிட்டு எவ்வளவு பலகை, எவ்வளவு எபொக்சி வேண்டும் என்று நான் எழுதுகிறேன்.