ஃபோர்டு பள்ளிக்கூடத்து அண்டா: வந்தவர்களை அமெரிக்கர் ஆக்கிய விதம் சரிதானா?

தஞ்சை வாசகன்:
டெட்ராய்ட் பக்கத்தில் ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலையைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த இழை. 1914 ஜனவரியில் முதலாளி ஹென்றி ஃபோர்டு நாள் கூலியை 5 டாலர் ஆக்கினார், அதுவரை இரண்டரை டாலருக்கும் குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த 5 டாலரில் பெரும்பகுதி லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது, அது தானாகக் கைக்கு வராது. கம்பெனியில் சமூகவியல் துறை என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதன் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே வந்து, வீடு சுத்தமா, ஆள் குடிக்கிறானா, பணம் சேர்க்கிறானா, வாடகைக்கு வெளியாட்களைத் தங்கவைத்திருக்கிறானா என்று விசாரித்து எழுதிக்கொண்டு போவார்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் கம்பெனி நடத்திய ஆங்கிலப் பள்ளிக்குப் போகவேண்டும். அந்தப் பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் மேடையில் ஒரு கப்பல், அதன் முன்னால் ராட்சத அண்டா. கப்பலிலிருந்து ஊர் உடுப்போடும் மூட்டையோடும் இறங்குகிற தொழிலாளிகள் அண்டாவுக்குள் போவார்கள், ஆசிரியர்கள் நீளக் கரண்டியால் கிண்டுவார்கள், மறுபக்கம் அவர்கள் கோட்டு சூட்டோடு, கையில் அமெரிக்கக் கொடியோடு வெளியே வருவார்கள். சொந்த ஊர் உடுப்பை அழுக்கு மாதிரி களைந்துவிட்டு வருவதை ஒரு விழாவாக நடத்தியிருக்கிறார்கள்.

டெட்ராய்ட் குமரன்:
நண்பரே, நான் இந்த ஊரில் கார் தொழிலில்தான் வருஷக்கணக்காக இருக்கிறேன். பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறவனுக்கு எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரியவில்லை என்றால், மேஸ்திரி கத்துவது புரியவில்லை என்றால், போவது அவன் விரல்தான். அந்த ஆட்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததை அடக்குமுறை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கூலி ஏறக்குறைய இரட்டிப்பு. பிள்ளைகள் படித்தார்கள், பேரப்பிள்ளைகள் இன்று டாக்டராகவும் வக்கீலாகவும் இருக்கிறார்கள். கப்பலில் வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அது வெறும் கதை. அங்கே கப்பலில் எழுதிய பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரைச் சுருக்கியவர்கள் அதற்கப்புறம் அவர்களாகவேதான் சுருக்கினார்கள். வேலை கிடைக்கவேண்டும், பக்கத்து வீட்டுக்காரனோடு கலக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைக்கு நீங்கள் மரியாதை கொடுக்கமாட்டேன் என்கிறீர்கள்.

தஞ்சை வாசகன்:
ஆசை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகாதீர்கள். அதே 1914 ஜனவரியில், கிரேக்க, ரஷ்யத் தொழிலாளிகள் தங்கள் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் கொண்டாட வேலைக்கு வரவில்லை என்பதற்காக 800, 900 பேரை ஃபோர்டு வேலையைவிட்டு அனுப்பியது. அமெரிக்காவில் இருந்தால் அமெரிக்கப் பண்டிகைதான் என்பது நிர்வாகத்தின் வாதம். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், கொண்டாடியதும் கிறிஸ்துமஸ்தான், தேதி மட்டும்தான் வேறு. அதற்கே சோறு போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அடுத்த ஆள் மறுநாள் தன் பெயரைச் சுருக்கிக்கொண்டால் அது அவனுடைய விருப்பமா?

அயோவாவைப் பாருங்கள். 1918 மே மாதம் அந்த மாநில ஆளுநர் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார். பள்ளி, பொது இடம், ரயில், டெலிபோன், எங்கும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. தேவாலயப் பிரசங்கமும் ஆங்கிலத்தில்தான். போர் ஜெர்மனியோடு, ஆனால் டென்மார்க்காரர், நார்வேக்காரர், டச்சுக்காரர் எல்லோர் வாயையும் சேர்த்துக் கட்டினார்கள். டெலிபோனில் ஜெர்மனில் பேசிய பெண்களுக்கு அபராதம் போட்டார்கள். ஆங்கிலமே தெரியாத ஒரு பாட்டி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து புரியாத பிரசங்கத்தைக் கேட்கவேண்டும். இதில் யாருடைய விரல் காப்பாற்றப்பட்டது, குமரன்?

டெட்ராய்ட் குமரன்:
அது போர்க்காலத்து வெறி, நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டாமா? நெப்ராஸ்காவில் எட்டாம் வகுப்பு தாண்டாத பிள்ளைக்கு வேற்று மொழி சொல்லிக்கொடுக்கக்கூடாது என்று 1919-ல் சட்டம் வந்தது. ராபர்ட் மேயர் என்ற வாத்தியார் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மனில் பைபிள் கதை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார், 25 டாலர் அபராதம். அவர் கட்டாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1923-ல் அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார். தப்பு செய்தால் திருத்திக்கொள்ள இந்த நாட்டில் வழி இருக்கிறது. அந்த வழியில் நம்பிக்கை வைத்து இந்த ஊர்க்காரனாக வாழ்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

மலர்விழி நியூஜெர்சி:
குமரன் சார், நீங்களே 1923-ஐ எடுத்ததால் சொல்கிறேன். அதே உச்ச நீதிமன்றம், அதே வருஷம் பிப்ரவரியில், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி சீக்கியருக்குக் குடியுரிமை கிடையாது என்றது. காரணம், சாதாரண மனிதன் புரிந்துகொள்கிற அர்த்தத்தில் அவர் வெள்ளையர் இல்லையாம். அதைக் காட்டி, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் பறித்தார்கள்.

அதில் ஒருவர் வைஷ்ணோ தாஸ் பகாய். பெஷாவரில் சொத்துபத்தை விற்றுவிட்டு 1915-ல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் சான் பிரான்சிஸ்கோ வந்தவர். நல்ல ஆங்கிலம், சூட்டு, கடை, பிள்ளைகளுக்கு அமெரிக்கப் படிப்பு என்று நீங்கள் சொல்கிற அத்தனையும் அவரிடம் இருந்தது. பக்கத்து ஊரான பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோனபோது, உள்ளே வரவிடாமல் அக்கம்பக்கத்தார் பூட்டி வைத்திருந்தார்கள். 1921-ல் குடியுரிமை வாங்கினார், திண்ட் தீர்ப்புக்குப் பிறகு அதுவும் போயிற்று, சொத்தும் கைவிட்டுப் போயிற்று. இந்தியாவுக்குப் போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட் கிடையாது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கேட்டுப்பார் என்றார்கள், அவரோ பிரிட்டிஷ் ஆட்சியை வெறுத்து வந்தவர். 1928-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை என் வீடு என்று நம்பி வந்தேனே, இப்போது நீ அமெரிக்கன் இல்லை என்கிறார்களே என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போனார். இந்த மனிதர் இன்னும் எதை மாற்றிக்கொண்டிருக்கவேண்டும், சொல்லுங்கள்.

டெட்ராய்ட் குமரன்:
படிக்கவே வயிறு எரிகிறது. ஆனாலும் கதை அங்கே முடியவில்லையே. கலா அம்மா ஊர் திரும்பவில்லை. 1946-ல் சட்டம் மாறி இந்தியர்கள் குடியுரிமை வாங்க முடிந்தபோது அவரும் வாங்கினார். அவர்களை உள்ளே விடாத அதே பெர்க்லியில் இன்று ஒரு தெருவுக்கு அவர் பெயர். 1965-ல் குடியேற்றச் சட்டம் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் நாமெல்லாம் வந்தோம். இங்கேயே பிறந்த பிள்ளையிடம் உன் வேர் வேறெங்கோ இருக்கிறது என்று தினமும் ஓதினால் அது எங்கே போய் நிற்கும்? என் மகள் தமிழ்ப் பள்ளி வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன். அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.

கோவை அருள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டில் ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? நியூயார்க்கில் 1897-ல் தொடங்கிய ஃபோர்வர்ட்ஸ் பத்திரிகை கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் வந்தது. ஆசிரியர் ஆபிரகாம் கஹான் அந்த மொழியிலேயே பேஸ்பால் ஆட்டத்தை விளக்கினார், ஆங்கிலம் கற்றுக்கொள்ளச் சொன்னார், குடும்பச் சண்டைகளுக்கு வாசகர் கடிதத்தில் யோசனை சொன்னார். ரஷ்யாவிலிருந்து வந்த தையல்காரர்கள் அமெரிக்காவைத் தங்கள் வீட்டு மொழியில்தான் படித்தார்கள். கிண்டுகிற ஆள் யாரும் தேவைப்படவில்லை.

மலர்விழி நியூஜெர்சி:
அருள் சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்கள் வீட்டில் அப்பா பெயர்தான் இனிஷியல், அதனால் என் கணவருக்கு அவர் அப்பா பெயர், என் மகனுக்கு என் கணவர் பெயர், எனக்கு என் அப்பா பெயர். மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர். பள்ளி அலுவலகத்தில் ஒவ்வொரு வருஷமும், நீங்கள்தான் அம்மாவா என்று அடையாள அட்டை கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பெயராக மாற்றிவிடுங்கள், சுலபம் என்று யோசனை சொன்னவர்கள் நம்மவர்கள்தான். நாங்கள் மாற்றவில்லை. கேட்கும்போதெல்லாம் விளக்கிச் சொல்கிறோம், இப்போது மகனே விளக்குகிறான். அவன் சனிக்கிழமை லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடுகிறான், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான், இரண்டிலும் முணுமுணுப்பான், இரண்டுக்கும் கொண்டுபோய் விடுகிறேன்.

குமரன் சார், உங்கள் மகள் நாளைக்குக் கணக்கு வேண்டாம் என்றால் விடுவீர்களா? விடமாட்டீர்கள். தமிழ் என்றதும் மட்டும் ஏன் அவள் விருப்பம் பெரிதாகிவிடுகிறது?

டெட்ராய்ட் குமரன்:
கணக்கு இல்லாமல் அவளுக்கு இங்கே பிழைப்பு இல்லை, தமிழ் இல்லாமல் உண்டு. கசப்பாக இருக்கலாம், ஆனால் ஒரு அப்பாவாக நான் பார்க்கவேண்டியது அதைத்தான்.

தஞ்சை வாசகன்:
பகாயும் அப்படித்தான் பார்த்தார், சார்.