ஒரே வரிசை, ரெண்டு வேகம்: தனிச் சாக்கு கேட்டது தப்பா?

இருபதாம்_வளைவு:
ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். நவம்பரில் பழம் பறிப்பு சூடுபிடித்தால் ஜனவரி வரை போகும். ஒரு வரிசைக்கு ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஒரே சாக்கு, சாயங்காலம் எடையைப் பாதியாகப் பிரித்து எழுதுவேன். அன்றைய கூலிக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் போனால் கிலோவுக்குத் தனிக் காசு.

பத்து வருஷமாக ஜோடியாகப் பறிக்கும் ரெண்டு அக்காக்கள். ஒருவர் கை மின்னல். இன்னொருவருக்கு முழங்கால் வலி, நிதானம்தான். போன வாரம் மின்னல் அக்கா, "எனக்குத் தனிச் சாக்கு கொடுங்க தம்பி" என்றார். கொடுத்தேன். அன்றிலிருந்து ரெண்டு பேரும் சோற்றுத் தூக்கை வேறு வேறு மரத்தடியில் திறக்கிறார்கள். மேஸ்திரி திட்டுவது என்னை. நான் செய்தது தப்பா?

எடைத்தட்டு:
இதில் என்ன தப்பு? களை எடுப்பு, கவாத்து எல்லாம் நாள்கூலி. கையில் நாலு காசு மிஞ்சுவது பறிப்புக் காலத்தில்தான். பத்து வருஷம் பாதியைக் கொடுத்ததே பெரிய மனசு.

பட்டறைத்தெரு:
எனக்கு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை. ஒரு கொலுசு முடிவதற்குள் பல கை மாறும்: கம்பி இழுக்க ஒருவர், பின்ன ஒருவர், பற்றவைக்க ஒருவர், மெருகு போட ஒருவர். எங்களிடம் பற்றவைக்க ஒரு பையன் வந்தான், சூறாவளி. மெருகுக்காரர் முன்னால் குவியல் ஏறிக்கொண்டே போகும். இவன் டீ கிளாஸோடு வந்து நின்று, "இன்னும் முடியலையா பெரியப்பா?" என்பான். குவியலைக் கிளறினால் பாதிக்குப் பாதி ஒட்டு விட்டிருக்கும், திரும்ப அவனிடமே போகும். பெரியவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார். இருபது வருஷத்துக் கை அது. எடைத்தட்டு அண்ணா, வேகம் என்ற பெயர் அவனுக்கு, நஷ்டம் எங்களுக்கு.

எடைத்தட்டு:
அது கெட்ட வேலை. வேகத்தின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? மெதுவாகச் செய்து கெடுப்பவர்களை நீங்கள் பார்த்ததே இல்லையா?

இருபதாம்_வளைவு:
ஒன்று சொல்ல விட்டுப்போனது. எங்கள் காப்பி அராபிகா வகை, ஒரே கிளையில்கூட ஒரே சமயத்தில் பழுக்காது. சிவந்ததை மட்டும் எடுத்துவிட்டு, மூன்று நான்கு சுற்று திரும்பத் திரும்ப வரவேண்டும். மின்னல் அக்கா உருவுகிற வேகத்தில் பச்சைக்காயும் சேர்ந்து வரும். முன்பெல்லாம் அதை நிதான அக்காதான் சாக்கிலிருந்து பொறுக்கி எறிந்துகொண்டே வருவார். தனிச் சாக்கு வந்த பிறகுதான் எனக்கே இது தெரிந்தது.

பட்டறைத்தெரு:
பாருங்கள்! அந்த வேலை எந்தத் தராசில் ஏறும்?

அஸ்தம்பட்டி_எம்பிஏ:
எங்கள் வகுப்பில் நடத்தியது. சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற ஆலை. 1931-32-ல் அங்கே தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி பூட்டும் அறையில் 14 பேரைக் கவனித்தார்கள். கூலி, குழுவாகச் செய்த வேலையைப் பொறுத்தது. ஒரு நாளுக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிப் போகிறவனுக்கு மேல்கையில் ஒரு குத்து விழும். ரொம்பக் குறைத்தவனுக்கும் கெட்ட பெயர்தான். ஆக, முகம் திருப்புவது புதுசு இல்லை.

எடைத்தட்டு:
குத்து வாங்கியவனுக்காக யாரும் பேசக் காணோம். உழைத்ததற்கு அடியா?

பட்டறைத்தெரு:
அடி சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயம் புரிகிறது. இன்றைக்கு ஒருத்தி 60 கிலோ பறித்துக் காட்டினால், நாளைக்கு எல்லோருக்கும் அளவை ஏற்றிவிடுவார்கள். முழங்கால் வலிக்காரர் எங்கே போவார்?

எடைத்தட்டு:
அப்படி ஏற்றினால் அது முதலாளியின் வேலை. அந்தக் கோபத்தை அவரிடம் காட்டாமல் பக்கத்து வரிசைக்காரியிடம் ஏன்? (உங்கள் பட்டறையிலும் மொத்தப் பழியும் பையன் தலையில்தான் விழுந்தது. ஒட்டுப் பார்க்காமல் குவியலை வாங்கி வைத்தது யார்?)

பட்டறைத்தெரு:
...நான்தான்.

அஸ்தம்பட்டி_எம்பிஏ:
இன்னொன்று. 2009-ல் வந்த மாஸ், மொரெட்டி ஆய்வு. அமெரிக்காவில் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் கடைகளில் பில் போடுகிறவர்களைப் பற்றியது. வேகமான ஆள் வேலைக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வேகம் கூடியது. ஆனால் அந்த ஆளின் பார்வையில் படுகிற இடத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான்.

இருபதாம்_வளைவு:
இங்கே செடி ஆள் உயரம். தனி வரிசைக்குப் போய்விட்டால் யார் எப்படிப் பறிக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. சாயங்காலம் தராசடியில் என் நோட்டில் விழும் எண்தான் தெரியும். அதையும் நான் சத்தமாகப் படிக்கிறேன். இப்போது யோசித்தால் அதுதான் உறுத்துகிறது.

எடைத்தட்டு:
சரி, ஒரு வழி சொல்கிறேன். தனிச் சாக்கு இருக்கட்டும். பச்சைக்காயைக் கழித்துவிட்டு எடை போடுங்கள். எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். அப்புறம் யார் வேகம் என்று பார்க்கலாம்.

இருபதாம்_வளைவு:
பழத்தை அன்றைக்கே தோல் நீக்கியாக வேண்டும், ராத்திரி தாங்காது. இருட்டுவதற்குள் அத்தனை சாக்கையும் கொட்டிக் கழிக்க யார் இருக்கிறார்கள்? இந்தத் தோட்டத்தில் அதற்குப் பழகிய கை ஒன்றுதான். அவர் இப்போது சாக்கைப் போட்டதும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்.