சிக்னல் வேலைக்குப் போட்ட கேமரா, ரேடார் இரண்டையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள், உதவி தேவை

கோவை சப்-கான்ட்ராக்டர்:
வணக்கம். அரசுப் பணத்தில் நடக்கும் சிக்னல் வேலை. நான்கு சந்திப்புகளுக்கு நம்பர் பிளேட் படிக்கும் கேமரா 16, வண்டி வருவதை உணரும் ரேடார் 8 கொடுத்தேன். இந்திய பிராண்டு என்று நம்பித்தான் வாங்கினேன். பெட்டியிலும் அப்படித்தான் இருந்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பொறியாளர் கேமராவின் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) பார்த்துவிட்டு, "இது சீனக் கம்பெனி பேரில் காட்டுகிறதே, மத்திய அரசின் எஸ்டிக்யூசி சோதனைச் சான்று எங்கே?" என்றார். ரேடாருக்கும் அதே கேள்வி. பில் நிற்கிறது, ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

மதுரை நெட்வொர்க்:
மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகள் யார் பேரில் பதிவாகியிருக்கின்றன என்பது பொதுப் பட்டியலில் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் நெட்வொர்க் பகுதி மட்டும் வேறு கம்பெனியுடையதாக இருந்தாலும் அந்தப் பெயர்தான் வரும். அதனால் அது சந்தேகத்துக்கு இடம், தீர்ப்பு இல்லை. சான்றைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 9 அறிவிப்பின்படி சிசிடிவி கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம், 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. சிப் எங்கிருந்து வந்தது என்பதைக்கூடச் சொல்ல வேண்டும். சான்று மாடலுக்குத்தான், கம்பெனிக்கு அல்ல. மாடல் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

டெண்டர் அனுபவம், திருச்சி:
தம்பி, ரேடார் விஷயம் வேறு. சிசிடிவி விதி அதற்கு வராது. பார்க்க வேண்டியது அரசு கொள்முதலுக்கான பொது நிதி விதி 144(xi). கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலுக்குப் பிறகு 2020 ஜூலை 23-ல் வந்த உத்தரவு. நம்மோடு நில எல்லை உள்ள நாட்டைச் சேர்ந்தவர் டெண்டரில் நிற்க வேண்டுமானால் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். மாநிலங்களுக்கு மத்திய அரசு உத்தரவிட வழி தரும் அரசமைப்புச் சட்டம் 257(1)-ஐச் சொல்லி மாநிலங்களுக்கும் இதைப் பின்பற்றச் சொன்னார்கள்.

பலர் தடுமாறும் இடம் இதுதான்: உதிரி பாகமோ சப்-அசெம்பிளியோ அங்கிருந்து வாங்கி இங்கே பொருள் செய்தால், அந்த விற்பனையாளருக்குப் பதிவு தேவையில்லை. முழுப் பொருளாகவே அங்கிருந்து வந்தால், நேராக வந்தாலும் சுற்றி வந்தாலும், அவர் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். 2023 பிப்ரவரி 23 உத்தரவில் தெளிவாக இருக்கிறது. உங்கள் ரேடார் இதில் எந்தப் பக்கம்?

உள்ளூர்ப் பங்கையும், அதாவது பொருளின் மதிப்பில் எவ்வளவு இந்தியாவில் சேர்ந்தது என்பதையும் கேளுங்கள். 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் முதல் வகுப்பு சப்ளையர். டெண்டரில் எது கேட்டிருந்தது?

மதுரை நெட்வொர்க்:
ஒன்று சொல்லட்டுமா, பொறியாளர் மேல் கோபப்படாதீர்கள். சந்திப்பில் நிற்கும் கேமரா ஊரில் ஓடும் ஒவ்வொரு வண்டியையும் பார்க்கிறது. அதன் மென்பொருளை யார் எங்கிருந்து மாற்ற முடியும் என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

கோவை சப்-கான்ட்ராக்டர்:
பார்த்துவிட்டேன். கேமரா சான்றில் மாடல் எண்ணின் கடைசி எழுத்து வேறு. சான்று பெற்ற மாடலையே மாற்றித் தருவதாகச் சப்ளையர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரேடாரின் ஸ்டிக்கரை உரித்தேன், அடியில் முழுப் பொருளாக வந்ததற்கான பழைய லேபிள் இருந்தது. டெண்டரில் முதல் வகுப்பு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எட்டையும் கழற்றச் சொல்லிவிட்டு, மெயின் கான்ட்ராக்டருக்கு போட்டோவோடு கடிதம் அனுப்பிவிட்டேன். அப்புறம், திருச்சி அண்ணா, மாற்று ரேடார் வாங்கும்போது உள்ளூர்ப் பங்குக்கு உற்பத்தியாளரே எழுதிக் கொடுத்தால் போதுமா?

டெண்டர் அனுபவம், திருச்சி:
கொள்முதல் மதிப்பு 10 கோடி ரூபாய்க்கு மேல் போனால்தான் ஆடிட்டர் சான்று. அதற்குக் கீழே சுய உறுதிமொழி போதும். எந்த ஊரில் தயாராகிறது என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள்.