பிளஸ் ஒன்னில் கடினமான இங்கிலீஷ் வார்த்தைகளை எப்படிப் பழகினீர்கள்?

கடையத்துக்காரி:

பத்தாவது வரை எனக்குத் தமிழ் மீடியம். பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியதும் முதல் மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ராத்திரி ராத்திரி இருபது வார்த்தை, எதிரே தமிழ் அர்த்தம் என்று நோட்டில் எழுதி உருப்போட்டேன். அப்படித்தான் நொட்டோரியஸ் என்ற சொல்லுக்கு எதிரே 'பேர்போன' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு கட்டுரையில், திருநெல்வேலி அல்வாவுக்கு நொட்டோரியஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டீச்சர் திட்டவில்லை. "களவுக்குப் பேர்போனவன், குடிக்குப் பேர்போனவன்னு சொல்லுவோம்லா, அந்தப் பேருக்குத்தான் இந்த வார்த்தை. நம்ம அல்வாவுக்கு ஃபேமஸ்னு போடு" என்றார். அப்புறம் ஒற்றைச் சொல் அர்த்தம் எழுதுவதையே விட்டேன்.

எனக்குக் கைகொடுத்தது அம்மாதான். அம்மா பீடி சுற்றுவாள். மடியில் சொளகு, அதில் வெட்டிய இலை, ஓரத்தில் தூள். பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லுவேன். "ஏட்டி, அப்படின்னா என்ன?" என்பாள். டிக்‌ஷனரி அர்த்தத்தைச் சொன்னால் விடமாட்டாள். "நம்ம வீட்டுல யாரு அப்படி?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் தேடும்போதுதான் வார்த்தை மனசில் உட்காரும். ஃப்ரூகல் என்றால் சிக்கனம், அது எங்கள் ஆச்சி. ஸ்டிஞ்சி என்றால் கஞ்சத்தனம், அது ஒரு மாமா. இரண்டையும் மாற்றிச் சொல்லியிருந்தால் ஆச்சிக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்!

ஒருநாள் மெட்டிகுலஸ் வந்தது. அம்மா தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் பீடியைக் கழித்துவிடுவார்கள் என்பதால் கண்ணை எடுக்கவே இல்லை. "இதுதாம்மா மெட்டிகுலஸ்" என்றேன். இன்றைக்கு ஆபீஸில் அந்த வார்த்தையைக் கேட்டாலும் கத்தரி சத்தம்தான் காதில் வருகிறது.

பாளை வாத்தியார்:

தங்கச்சி, உங்கள் அம்மா கேட்ட கேள்வியை நான் முப்பது வருஷ வாத்தியார் வேலையில் கேட்டதில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. நான் பிள்ளைகளை வேர் பார்க்கச் சொல்லுவேன். டிக்டேஷன் எழுதாத பிள்ளை உண்டா? அந்த 'டிக்ட்' லத்தீனில் சொல்லுவதைக் குறிக்கும். 'ப்ரீ' முன்னால், ப்ரெடிக்ட் முன்கூட்டிச் சொல்வது. 'கான்ட்ரா' எதிர், கான்ட்ராடிக்ட் மறுத்துச் சொல்வது. இங்கிலீஷ் ஆராதனைக்குப் போகிற பிள்ளைகளுக்கு பெனடிக்‌ஷன் காதில் விழுந்த சொல். நல்லதைச் சொல்வது, ஆசீர்வாதம். வெர்டிக்டில் 'வெர்' என்பது உண்மை. தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்து நாலு புதுச் சொல்லுக்குப் போய்விடலாம். இடையன்குடியில் மிஷனரியாக இருந்த கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். சொல்லின் வேரைத் தோண்டுவது நம் சீமைக்குப் பழகிய வேலைதான்.

பயந்து வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் இன்னொன்றும் சொல்லுவேன். கட்டுமரம்தான் கேட்டமரான், சுருட்டுதான் செரூட், மிளகுத்தண்ணிதான் மல்லிகடானி. நம்ம வீட்டுச் சொற்களும் அந்த டிக்‌ஷனரிக்குள் இருக்கின்றன. அதைக் கேட்டதும் முகம் தெளிந்துவிடும்.

அம்பை பிளஸ் டூ:

அக்கா, நேற்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் நோட்டை மாற்றிவிட்டேன். சார் சொன்னபடி வேரும் பார்த்தேன். ரெசிலியன்ட் என்ற சொல்லுக்கு லத்தீனில் திரும்பத் துள்ளுவது என்று அடிப்படையாம். எங்கள் சித்தப்பாவுக்கு ஜங்ஷன் பக்கம் டீக்கடை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடை முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் நானும் போனேன். பாய்லருக்குள் கையை விட்டால் முழங்கை வரை சேறு. சித்தப்பா ஒரு வார்த்தை பேசாமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அடுத்த வாரம் அதே பாய்லரில் டீ போட்டார், முதல் டீ எனக்குத்தான்.

நோட்டில் ரெசிலியன்ட் என்று எழுதி, எதிரே 'சித்தப்பா' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.